ஈரச் சாக்கு

என் அக்காள் வெள்ளையம்மாவைக் கட்டிய பழனிமுத்து மச்சானுக்கு எங்கள் மில்லவத்தைத் தோட்டத்தில் இரண்டு பட்டப்பெயர்கள் இருந்தன. கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்கள் அவரைச் "சாமிக்கால்" என்பார்கள். அதே ஆட்கள் காலையில் பிரட்டுக் களத்தில், வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தில் நின்றால், "தூங்குமூஞ்சி" என்பார்கள். இரண்டு பெயரும் அவருடைய கால்களால் வந்தவை. இரண்டும் பொய் என்று எங்களுக்குத் தெரிய வந்தபோது, அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் கூடவே தெரிந்துவிட்டது.

இலங்கையில் கேகாலைப் பக்கம், புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறினால் வருகிற றப்பர்த் தோட்டம் அது. மச்சானை எட்டத்தில் பார்த்தாலே நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். முழங்காலுக்குக் கீழே சதையே இருக்காது. பாதம் நடுவில் வளைந்து உயர்ந்து, விரல்கள் மடங்கிக் கிடக்கும். எட்டு வைத்தால் பாதம் தொங்கிப்போகும் என்பதால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை உயரத் தூக்கிப் பொத்தென்று வைப்பார். செருப்புப் போட்டால் அது கழன்று பின்னால் கிடக்கும். அது கழன்றதே தெரியாமல் இவர் முன்னால் போய்க்கொண்டிருப்பார். அவருடைய அப்பா செல்லையாவுக்கும் அதே கால், அதே நடை. அவருடைய அத்தைக்கும் அப்படித்தான் என்பார்கள். குதிரை மாதிரி நடக்கிறார்களே, மதுரைவீரன் சாமியின் குதிரைதான் இந்த வம்சத்துக் காலில் இறங்கியிருக்கிறது என்று எங்கள் பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

முடிவு கட்டக் காரணமும் இருந்தது. வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவில் பூக்குழி இறங்குவோம். தணலை நாங்கள் தணல் என்று சொல்வதில்லை, பூ என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் அந்தப் பூவின் மேல் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பால் ஊற்றிய பள்ளத்தில் குதிப்பார்கள். செல்லையா மட்டும் கோயிலைச் சுற்றி வருகிறவர் போல நிதானமாக நடந்து போவாராம். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இருக்காதாம். அதனால் முதல் மிதி அந்தக் குடும்பத்துக்கே என்று ஆயிற்று. செல்லையா போன பிறகு அது மச்சானுக்கு வந்தது.

மச்சான் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

"மாப்ள, குழியில நடக்கையில எனக்கு ஒன்னும் தெரியாது. சாணி மெழுகுன தரையில நடக்குற மாதிரிதான். போயி படுத்தேன்னா, அப்பதான் எரிய ஆரம்பிக்குது."

அதுதான் அவருடைய வாழ்க்கை. நெருப்பை மிதிக்கிறபோது சுடாத கால், நெருப்பே இல்லாத பாயில் எரியும். உள்ளங்காலில் தொடங்கி மேலே ஏறும். எரிச்சல் கொஞ்சம் தணிந்தால் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து இரண்டு காலையும் சுற்றிக்கொண்டு படுப்பார். சாக்கு காய்ந்ததும் மறுபடி எழுந்து நனைப்பார். கண் அசரும் நேரத்தில் பிரட்டுக்கு மணி அடித்துவிடும். முழு இரவும் மூட்டை சுமந்தவர் போல எழுந்து வருவார்.

பிறகு எப்படி ஒரு மனிதன் றப்பர் மரத்தில் பால் வெட்டுவது? மரத்தில் சாய்ந்தபடியே தூங்கிப்போவார். சிரட்டை நிறைந்து பால் வழிந்து மண்ணில் போகும். கையிலும் பலம் குறைந்துகொண்டே வந்தது. கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழும். கணக்கப்பிள்ளை கத்துவார். சரி, முடியவில்லை என்று டிஸ்பென்சரிக்குப் போனால், எங்கள் மருந்துக்கார ஐயாவுக்கு நோய் என்றால் காய்ச்சல், காய்ச்சல் என்றால் நோய். வாயில் கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் இல்லை, ஆகவே வேலைக்குப் போகாமலிருக்கத் துண்டும் இல்லை. "அசதியா இருக்குங்க ஐயா" என்று மச்சான் சொன்னால், "எனக்குந்தான் அசதியா இருக்கு, போ" என்பார். எழுபத்துமூன்று, எழுபத்துநான்கு பஞ்சத்தில் தோட்டமே மரவள்ளிக் கிழங்கைத் தின்று சோர்ந்து கிடந்தது. அந்தக் காலத்தில் மட்டும் மச்சானை யாரும் தூங்குமூஞ்சி என்று சொல்லவில்லை. அவருக்கு அது ஒன்றுதான் நிம்மதியான காலம் என்று நினைக்கிறேன்.

பஞ்சம் தெளிந்ததும் பழைய பேச்சும் திரும்பி வந்தது. அப்போது இராமசாமி கங்காணிக்கு ஒரு யோசனை உதித்தது. அவர்தான் கோயில் தலைவரும். கெட்ட மனிதர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். றப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற புகைக்கூட்டில், இரவெல்லாம் விறகு தள்ள ஆள் தேவைப்பட்டது.

"தூக்கம் வராத மனுசனுக்குத் தூங்காத வேலை! நெருப்புக்காரனுக்கு நெருப்பு வேலை! எப்புடி?" என்று கங்காணி கேட்டார். வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயமே தலையாட்டியது.

தூக்கம் வராதது வேறு, தூக்கம் வேண்டாதது வேறு. இந்தச் சின்ன வித்தியாசம் கங்காணியின் அத்தனை பெரிய தலைப்பாகைக்குள்ளே ஏறவில்லை. ஆனாலும் உட்கார்ந்து செய்கிற வேலை. மலை ஏற வேண்டாம், கத்தி பிடிக்க வேண்டாம். மச்சான் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். நானும் புகைக்கூடு இருந்த அந்த ஸ்டோரில், றப்பர் தொழிற்சாலையில்தான், ஷீட் உருட்டும் மிஷினில் நின்றேன். காலையில் நான் உள்ளே போகும்போது அவர் வெளியே வருவார். கண் இரண்டும் புகையிலும் அசதியிலும் சிவந்து, பேசினால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். பகலில் தகரக் கூரைக்குக் கீழே, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராப் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, ஈரச் சாக்கோடு புரளுவார்.

அவருக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. மகள் புஷ்பம். விடியக்காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் பிள்ளையின் பாய்ப் பக்கம் போய் உட்காருவார். அவள் அசையாமல் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அக்காள் தேத்தண்ணீரை வைத்தால் அது ஆறிப்போகும்.

"எங்கப்பன் தூங்கல, எங்க அத்தை தூங்கல, நான் தூங்கல. இவ தூங்குறா மாப்ள," என்பார். "பாயில விழுந்தா விடியிற மட்டும் அசையிறதில்ல. இவ தப்பிச்சிட்டா."

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் அக்காளை வழியில் நிறுத்தி, "ஒங்க மக வகுப்புல தூங்குது" என்று புகார் சொன்னார். அக்காள் வீட்டுக்கு வந்து பிள்ளையை விளாசப் போனாள். மச்சான் நடுவில் விழுந்து தடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தூங்குற புள்ள எங்கயும் தூங்கும், விடு!" அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு வந்த ஒரு திருவிழா அது. மச்சான் வழக்கம்போல முதல் மிதி மிதித்தார். அடுத்த வாரம் அக்காள் தரையைக் கூட்டும்போது ரத்தக் கறை பார்த்தாள். அவருடைய உள்ளங்காலில் ஒரு தணல் துண்டு புதைந்து, புண் குழியாகிச் சீழ் பிடித்திருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. மஞ்சள் பத்துப் போட்டாள், கேட்கவில்லை. நான் சண்டை போட்டு அவரைக் கேகாலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்தவர் ஒரு சிங்கள டாக்டர். நான் சிங்களத்தில் பேசி மச்சானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு நின்றுவிடவில்லை. கண்ணை மூடச் சொல்லி ஊசியால் காலைக் குத்தினார். முழங்கால் வரைக்கும் மச்சானுக்குக் குத்தியது தெரியவில்லை. கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அப்பாவின் காலைப் பற்றிக் கேட்டார், அத்தையைப் பற்றிக் கேட்டார். கடைசியாக, "ராத்திரியில் தூங்குவாரா? எப்போதும் களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் மச்சான் அழுதுவிட்டார். அசதியைப் பற்றி அவரை இதுவரை திட்டியவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை.

"மேக்க நஹர லெடக்," என்றார் டாக்டர். இது நரம்பு நோய். பரம்பரையாக வருவது. காலும் கையும் சூம்புவதும், சூடு தெரியாமல் போவதும், படுத்தால் எரிவதும், தூக்கம் கெடுவதும், தூங்கினாலும் அசதி தீராததும் எல்லாம் அந்த ஒன்றுதான். சோம்பலும் இல்லை, சாமியும் இல்லை. தீர்க்க மருந்து கிடையாது. இனி நெருப்பை மிதிக்கவே கூடாது, மிதித்தால் காலை எடுக்க வேண்டி வரும். பிள்ளை இருந்தால் பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், வளர வளரத்தான் தெரியும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மச்சான் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "புஷ்பத்துக்கு இல்ல மாப்ள. அது நல்லா தூங்குது."

அன்று மாலையே நாங்கள் கங்காணி வீட்டுக்குப் போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணி கோபப்படவில்லை. வெற்றிலையை மென்று முடித்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"நோயின்னே சொல்றியா பழனிமுத்து? சரி. கால் மரத்துப்போன ஆள தீக்கிட்ட எதுக்கு ஒக்கார வச்சேன்னு நாளைக்கித் தொரை என்னயக் கேப்பாரு. ஸ்டோர் வேல போயிரும். மலைக்குப் போவணும். மலையில ஒன்னால முடியுமா? முடியலன்னா அன்னிக்கிக் கூலிக்குப் பேரு விழாது. பேரு விழாத ஆளுக்கு லயத்துல காம்பரா எதுக்குன்னு கேப்பாங்க. சாமின்னு இருந்தின்னா ஆயுசுக்கும் புகைக்கூடு ஒனக்குத்தான். யாரும் அசைக்க மாட்டாங்க."

"அப்ப குழி எறங்கணுமேங்க," என்றார் மச்சான்.

"எறங்கணும். அதோட இன்னொன்னு. ஒனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. ஒனக்குப் பொறகு முதல் மிதி விட்டுப்போயிரக் கூடாது. வார வருசம் மகளும் ஒன் பின்னால எறங்கட்டும். அதுக்கும் அந்த நடைதான் வருது, நான் பாத்தேன்."

"கங்காணி ஐயா, அது சின்னப் புள்ளைங்க," என்றேன்.

"ராஜதுரை, நீ பேசாத. இது கோயில் காரியம்."

திரும்பி வரும்போது மச்சான் வழியில் உட்கார்ந்துவிட்டார். "புள்ளைக்கு இந்த நோய் இல்லன்னா, குழியில காலு வெந்து துடிச்சிரும். நோய் இருந்துச்சின்னா, வேவுறதே அதுக்குத் தெரியாது. எப்புடிப் பாத்தாலும் வேவும் மாப்ள." எனக்குக் கங்காணியின் மீது வந்த ஆத்திரத்துக்கு, கையில் கிடைத்த கல்லை எடுத்து றப்பர் மரத்தில் எறிந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? எங்களுக்கு அந்தத் தோட்டத்தைத் தவிர வேறு இடம் கிடையாது.

புஷ்பத்துக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் அவளைக் கொக்கு என்று கேலி செய்வார்கள். ஓடிப் பிடிக்கிற விளையாட்டில் அவள்தான் முதலில் விழுவாள். இப்போது மஞ்சள் பாவாடை, கழுத்தில் மாலை, தோட்டமே பார்க்க முதல் மிதி. அவளைக் கேலி செய்தவர்களின் அம்மாக்கள் எல்லாம் காலில் விழுவார்கள். "மாமா, நீங்க முன்னுக்கு வந்து நில்லுங்க, அப்பதான் நல்லா தெரியும்" என்று என்னிடம் இடம்கூடச் சொல்லி வைத்தாள். மச்சான் அவளிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் சாப்பிடாமல் அழுதாள். அக்காளும் கங்காணியின் பேச்சை மீறப் பயந்தாள்.

நோய் என்று சொன்னால் வீடு போகும், சாமி என்று சொன்னால் பிள்ளை போகும். ஒரு வருஷம் முழுவதும் மச்சான் இந்த இரண்டுக்கும் நடுவில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். பகலில் வந்த கொஞ்சம் தூக்கமும் நின்றுபோயிற்று.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரத்தில் பூக்குழி தயாரானது. தப்பு முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். மச்சான் வேப்பிலையோடு முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மஞ்சள் பாவாடையில் புஷ்பம். அப்பா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவள் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் அவள் சொன்ன இடத்தில் நின்றேன்.

மச்சான் இறங்கினார். அதே குதிரை நடை, அதே நிதானம். நடுக்குழியில் நின்றார். நின்றவர் திடீரென்று தொண்டை கிழியக் கத்தினார்.

"ஐயோ, சுடுதே! ஆத்தா, சுடுதே! என்னால முடியல, சுடுதே!"

பக்கவாட்டில் பாய்ந்து கரையில் விழுந்து புரண்டார். தப்புச் சத்தம் நின்றுவிட்டது. அந்த வம்சத்தில் ஒருவர் குழியில் வாய் திறந்து கத்துவதை யாரும் கேட்டதில்லை. பூசாரி கையை உயர்த்தி, ஆத்தா இந்தக் குடும்பத்தை விட்டு இறங்கிவிட்டாள் என்றார். இராமசாமி கங்காணி ஓடி வந்து புஷ்பத்தின் தோளைப் பிடித்து இழுத்து, கூட்டத்துக்குள் தள்ளினார். "இவுங்க யாரும் எறங்கப்படாது! யாரும் எறங்கப்படாது!"

எனக்கு மட்டும் புரிந்தது. கால் சுடுகிறவன் காலைப் பார்ப்பான். மச்சான் விழுந்து கிடந்தபடி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கங்காணி அவளை இழுத்துப் போனதும்தான் அவர் கத்துவதை நிறுத்தினார். என் வாழ்க்கையில் நான் ஒரு மனிதரைக் கும்பிட நினைத்தது அப்போதுதான்.

அதற்கப்புறம் தோட்டத்து வாய்கள் சும்மா இருக்குமா? விரதத்தில் கருவாடு தின்றார் என்றார்கள். புகைக்கூட்டில் சாராயம் குடித்தார் என்றார்கள். புகைக்கூட்டு வேலை போயிற்று. புல்லு வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். நெட்டுக்குத்தான சரிவில் முழங்காலைத் தூக்கித் தூக்கி ஏறுவார், விழுவார். பாதி வேலைதான் முடியும், அரைப்பேரு, அரை நாள் கூலிதான், போடுவார்கள். அக்காள் இரண்டு ஆள் வேலை செய்து காம்பராவைக் காப்பாற்றினாள். "சாமிக்கால்" என்ற பெயர் போய்விட்டது. மற்றப் பெயர் மட்டும் மிஞ்சியது.

புஷ்பம் அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். அவர் கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் இப்போது அவள் சுடுதே-மகள். அந்தக் கேலி கொக்கைவிட மோசம். மச்சான் அதையும் பொறுத்துக்கொண்டார். "பேசாட்டிப் போவுது, புள்ள தூங்குதுல்ல" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லயத்து இஸ்தோப்பில், வாசலை ஒட்டிய ஒடுக்கமான தாழ்வாரத்தில், மச்சான் ஈரச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். புஷ்பம் உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் சாக்கையே பார்த்தாள்.

"அப்பா, அன்னிக்கி நெசமாவே சுட்டுச்சா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் பேச்சு அது. மச்சான் என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஆமா சாமி. சுட்டுச்சு."

"நடக்கையிலயேவா?"

"ஆமா."

அவள் யோசித்தாள். "எனக்கு நடந்தா சுடல்லயே. படுத்தாதான் சுடுது."

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன். "என்னா புள்ள சொல்ற? நீ நல்லா தூங்குவியே?"

"இல்ல மாமா. அப்பா விடிய வந்து பக்கத்துல ஒக்காந்து பாப்பாங்க. நான் தூங்குனாதானே அவுங்களுக்கு சந்தோசம்? அதான் அசையாமக் கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். பள்ளிக்கூடத்துலதான் தூக்கம் வரும்."

ஏதோ பழைய விஷயத்தைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். அழக்கூட இல்லை. அடுத்த காம்பராவில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மகளின் பாதத்தைக் கையில் எடுத்து, நடுவில் உயர்ந்து வரும் வளைவைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் காலிலிருந்த சாக்கை அவிழ்த்து, இரண்டாகக் கிழிக்கப் பார்த்தார். அவருடைய விரல்களில் பலம் இல்லை, தையல் பிரியவில்லை. நான்தான் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து பிரித்துக் கொடுத்தேன்.